முதுகு கூனுவது தலைவிதியா?

(கல்லாவியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று இந்தக் கூட்டத்தில் நாம் பேச வேண்டிய விஷயம் "கடவுளும் மதமும்" என்பதாகத் துண்டு விளம்பரத்தில் அச்சிட்டிருக்கின்றார்கள். அந்த விஷயத்தை நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் ஊத்தங்கரையிலிருந்து இங்கு வரும் வழியில் பஸ்ஸில் கண்ட ஒரு காட்சியால், இன்று அதை வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியதாய் விட்டது.

ஒரு பாட்டி பஸ்ஸில் ஏறினார். முதுகு வில்லாக வளைந்து, முகம் தரையைப் பார்த்தபடி, கையில் ஒரு கூடை. ஏறுவதற்குச் சற்று நேரமாயிற்று. உள்ளே இருந்த ஒருவர் "கூனிப் பாட்டி, சீக்கிரம் ஏறு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ, இப்படி வளைத்து வைத்திருக்கிறான்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சுத்தான். நமக்கு ஆச்சரியமாயிருந்தது எதுவென்றால், நம்முடன் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்த தோழர் ஒருவர், "பாவமாவது புண்ணியமாவது, வயசானால் முதுகு கூனத்தானே செய்யும்" என்று சொன்னதுதான்.

தோழர்களே! அந்தப் பாட்டி "விதி" என்று சொன்னதற்கும் நம் தோழர் "வயசு" என்று சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. அதாவது, ஒன்றும் செய்வதற்கில்லை, பேசாமல் கிட என்பதே அந்த இடம். அந்தத் தோழரை மட்டும் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நாமும் பல வருஷ காலம் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதன் பலனை நமது தாயார் அனுபவித்தார். அதைப் பிறகு சொல்லுகிறோம்.

முதலில் புராணக்காரன் சங்கதியைப் பார்த்துவிடுவோம். இராமாயணத்தில் எல்லாக் கேட்டுக்கும் காரணமாக யாரை வைத்திருக்கின்றார்கள்? ஒரு கூனியை. தசரதன் தன் வார்த்தையால் அகப்பட்டுக்கொண்டதற்கும், இராமன் காட்டுக்குப் போனதற்கும் பழியை ஏற்க ஒரு வேலைக்காரக் கிழவியின் முதுகு வேண்டியிருந்தது. கம்பர் இன்னும் ஒரு படி மேலே போய், இராமன் சிறு பிள்ளையாயிருக்கையில் அவள் கூன் மேல் மண்ணுருண்டை வைத்து எய்தான் என்றும், அந்த வன்மத்தை அவள் மனதில் வைத்திருந்தாள் என்றும் சொல்லுகின்றார். ஒரு கிழவியின் நொந்த முதுகில் மண்ணுருண்டை எய்த பிள்ளை தெய்வம். நோகிறது என்று நினைத்தவள் பாவி! இந்த நியாயத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். பஸ்ஸில் சிரித்த நாலு பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பாகவதத்தில் வேறு கதை. மதுரா நகரத்தில் சந்தனம் அரைத்துக் கொடுக்கும் கூனியின் பாதத்தைக் கிருஷ்ணன் தன் காலால் மிதித்துக்கொண்டு, மோவாயைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தினானாம், உடனே அவள் அழகியாகி விட்டாளாம். நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்தக் கல்லாவியில் ஒருத்தியை, வேண்டாம், இந்த மாவட்டம் முழுவதிலும் ஒரே ஒருத்தியை நிமிர்த்திக் காட்டட்டும். அப்படிச் செய்தால் நாமே வந்து சந்தனம் அரைத்துக் கொடுக்கின்றோம்.

நிற்க.

எலும்பு என்பது கல்லைப் போலச் செத்த பொருள் என்றுதான் அநேகர் எண்ணுகின்றோம். அது தவறு. எலும்பு உயிருள்ள பொருள். நம் உடம்பில் இருக்கும் எலும்பை ஒரு வகை உயிரணுக்கள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு வகை உயிரணுக்கள் ஓயாமல் கட்டிக்கொண்டே இருக்கின்றன. இளமையில் கட்டுகிறவன் கை ஓங்கி இருக்கும். இருபது, முப்பது வயதுக்குள் எவ்வளவு சேருமோ அவ்வளவு சேர்ந்துவிடும். பிறகு இரண்டு கையும் சமமாகச் சில காலம் போகும். பெண்ணுக்கு, இடிக்கிறவனை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரு சுரப்பு. அது சினைப்பையிலிருந்து வருவது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் அந்தச் சுரப்பு வற்றிப்போகிறது. வற்றினதும் இடிக்கிறவனைக் கேட்பாரில்லை. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் எலும்பு மிக வேகமாகக் குறைகின்றது. வெளியில் ஓடு அப்படியே இருக்க, உள்ளே தேன்கூடு போல் ஓட்டை விழுந்து போகிறது. இதற்கு எலும்புப்புரை நோய் என்று பெயர். இங்கிலீஷ் வைத்தியர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வருவதன் காரணத்தை 1940ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்க வைத்தியர் புல்லர் ஆல்பிரைட் என்பவர் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பு அங்கேயும் "வயசு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஜனங்கள் முதுகு வலி, முழங்கால் வலி எல்லாவற்றையும் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றார்கள். முழங்கால் மூட்டு தேய்வது வேறு. எலும்பு உள்ளே புரையோடுவது வேறு. முதலாவது வலிக்கும். இரண்டாவது வலிக்கவே வலிக்காது. ஒடிகிற நாள் வரை ஒரு அறிகுறியும் காட்டாது. அதுதான் இதில் உள்ள கேடு.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. வட்ட வட்டமான சிறு கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். புரையோடிய கட்டை கையெலும்பு போல "சடக்" என்று இரண்டாக ஒடிவதில்லை. மேலே இருக்கும் பாரம் தாங்காமல் அமுங்குகின்றது. பெரும்பாலும் முன்பக்கம் அமுங்கிப் பின்பக்கம் அப்படியே நிற்கும். ஆகவே கட்டை ஆப்பு வடிவமாகி விடுகிறது. இரண்டு மூன்று கட்டைகள் இப்படி ஆப்பானால் முதுகு தானாக முன்னால் வளைகின்றது. அதுதான் கூன். பஸ்ஸில் ஏறிய பாட்டியின் "பாவம்" இதுதான், தோழர்களே! அந்த அம்மாளின் முதுகில் பாவம் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே எலும்புகள் நொறுங்கியிருக்கின்றன, அதை யாரும் பார்க்கவில்லை.

இப்படி நொறுங்குவதற்கு மாடியிலிருந்து விழ வேண்டும் என்பதில்லை. குடத்தைக் குனிந்து தூக்கினால் போதும். பலமாக இருமினால் போதும். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் வேகத்தடையில் பாராமல் ஏற்றினால் அது தாராளமாகப் போதும். இந்த நொறுங்கல்களில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியர் கண்ணுக்கே வருவதில்லை என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். "முதுகுப் பிடிப்பு", "வாய்வு" என்று தைலம் போட்டுப் படுத்துவிடுகின்றார்கள். நாலைந்து வாரத்தில் வலி குறைகிறது. குறைந்ததும், தைலம் குணப்படுத்தியது என்றும், வேப்பிலை அடித்தவர் குணப்படுத்தினார் என்றும் நம்பிவிடுகின்றார்கள். அமுங்கின எலும்பு அமுங்கினபடியே இருக்கும். உயரம் குறைந்தது குறைந்ததுதான்.

நமது தாயாருக்கு நடந்ததும் இதுவே. 62 வயதில், நெல் மூட்டையை நகர்த்தப் போய் முதுகில் ஏதோ நெறித்தது என்றார். நாம் அன்று ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். "வயசாச்சு அம்மா, மூட்டையை ஏன் தொடுகிறாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். பக்கத்து வீட்டார் பிடிப்பெடுக்கிற ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் தாயாரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் காலை வைத்து மிதித்தார். ஊரில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசப் போனவன் வீட்டில், எலும்பு நொறுங்கின கிழவியை ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தான். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் வலி வந்து, படம் எடுத்துப் பார்த்தபோது மூன்று கட்டைகள் அமுங்கியிருந்தன. வைத்தியர் படத்தைக் காட்டி, "இது பழையது, இது புதியது" என்று விரலை வைத்தார். அந்தப் பழையதை அன்றே பார்த்திருந்தால் புதியவை வராமல் தடுக்க வழி இருந்தது. இதை மேடையில் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. வெட்கப்பட்டாவது நாலு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் தாயாரைக் கேட்பார்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

ஏனென்றால், முதுகெலும்பு நொறுங்குவதற்கு உள்ள அபாயங்களில் பெரியது எது என்று கேட்டால், முன்னமே ஒன்று நொறுங்கியிருப்பதுதான். இதை 2001ல் வெளியான ஒரு ஆராய்ச்சி கணக்குப் போட்டுக் காட்டிற்று. புதிதாக ஒரு கட்டை நொறுங்கின பெண்களில், சுமார் ஐந்தில் ஒருத்திக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே இன்னொன்று நொறுங்குகின்றது. ஒரு சுவர் சாய்ந்தால் பாரம் பக்கத்துச் சுவர் மேல் விழுவது போலத்தான். ஆகவே முதல் நொறுங்கலைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கின்றது. "வயசு" என்று சொன்னவன் அந்த ஒரு வருஷத்தைத்தான் பறிகொடுக்கிறான்.

மற்ற அபாயங்கள் என்ன? வயது ஏறுவது ஒன்று, அதை நாம் மறுக்கவில்லை. உடம்பு மெலிந்து எடை குறைவாக இருப்பது. தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பெலும்பு ஒடிந்திருப்பது. பீடி, சுருட்டு, சாராயம். பிறகு, சீக்கிரமே மாதவிடாய் நின்றுபோவது. இந்தக் கடைசி விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இதில்தான் நம் சமூகத்தின் யோக்கியதை வெளிப்படுகின்றது.

மேல்நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்பது, நம் நாட்டில் 46, 47லேயே நின்றுவிடுகிறது. அதாவது எலும்புக்குக் காவல் நாலைந்து வருஷம் முன்னமே போய்விடுகின்றது. போதாததற்கு, கருப்பையை எடுத்துவிடுவது ஒரு வழக்கமாகிக்கொண்டு வருகின்றது. உண்மையாகவே எடுக்க வேண்டிய நோய்கள் உண்டு. அவற்றை நாம் சொல்லவில்லை. முப்பது, முப்பத்தைந்து வயதில், இரத்தப்போக்குக்கு வேறு வைத்தியம் பாராமலே, "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு" என்று எடுப்பதைச் சொல்லுகின்றோம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களில், சுமார் 82,000 பேரை விசாரித்ததில் 13,000 பேருக்கு மேல் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது என்று 2019ல் அம்பலமாயிற்று. வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் கூலியில் பிடித்தம், ஆகவே மாதவிடாயே வேண்டாம் என்ற நிலைமைக்கு அவர்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே சுரப்பு நின்றது. சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு நிற்க வேண்டிய காலத்துக்கு முன்பே நின்றுவிடுகின்றது. அப்படி எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு, "உன் எலும்பைக் கவனித்துக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்?

மாதவிடாய் நின்றுவிட்டதா இல்லையா என்பதை இந்த நாட்டில் அக்கறையாகக் கேட்கிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சபரிமலைக்காரன் கேட்கின்றான்! பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் பெண் வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அது செல்லாது என்று 2018ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தீட்டு உள்ள காலத்தில் ஒதுக்கி வைக்கின்றார்கள். தீட்டு நின்றதும் "இனிச் சுத்தம், சாமி கும்பிடலாம்" என்று சந்தோஷப்படுகின்றார்கள். அவள் எலும்புக்கு அன்றைக்குத்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது என்று சொல்ல எந்தச் சாஸ்திரத்திலும் ஒரு வரி கிடையாது. புருஷனிடம் சொல்ல வெட்கம், மகனிடம் சொல்ல வெட்கம், ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கம். இந்த வெட்கத்தை யார் கற்றுக் கொடுத்தது?

இன்னொரு அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் என்று சந்தையில் பொட்டலம் கட்டி விற்கின்ற பொடிகளும், பெயர் தெரியாத மாத்திரைகளும், "ஒரே ஊசியில் சுகம்" என்கிற போலி வைத்தியர்களும் இருக்கின்றார்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கின்றது. சாப்பிட்டதும் வலி பறக்கும், பசி எடுக்கும், முகம் உப்பி "உடம்பு தேறிவிட்டது" என்பார்கள். தேறவில்லை, எலும்பு கரைகிறது. தினம் 5 மில்லிகிராம் அளவு மூன்று மாதம் சாப்பிட்டாலே முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் ஏறுகின்றது. ஆனால் ஒன்று. வைத்தியர் எழுதிக்கொடுத்து, ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. அவரிடமே போய், "எலும்புக்கு என்ன செய்வது" என்று கேளுங்கள்.

இனி சாப்பாட்டு விஷயம். நம் பக்கத்துக் களியைப் பற்றிப் பேசாமல் போனால் கல்லாவிக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. அதே அளவு தீட்டின அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வரையறுத்திருக்கின்றது. நம் பாட்டிமார்கள் களி தின்றார்கள். நாம் நாகரிகம் என்று சொல்லி அரிசிச் சோற்றுக்கு வந்தோம். "களி தின்னுகிற ஜாதி" என்று யாரோ இளக்காரமாகப் பேசியதற்கு வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். சோற்றிலும் ஜாதி வைத்தவன் நம் எலும்பில் கை வைத்தான். 2023ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், புத்தியுள்ள காரியம். கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடம்பில் ஒட்டாது என்பதும் உண்மை. முளைகட்டி அரைத்தால் அதிகம் ஒட்டும். அத்துடன் முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னக்கூடிய சிறு மீன், மோர். பால் ஒரு லிட்டரில் சுமார் 1,200 மில்லிகிராம் இருக்கின்றது. அதாவது கோயிலில் கல்லின் தலையில் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிழவியின் ஒரு நாள் சுண்ணாம்பு. கல்லுக்கு எலும்பு இல்லை என்பதை நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? ஆண்கள், பிள்ளைகள், விருந்தாளி எல்லோரும் தின்ற பிறகு மிச்சம் மீதி இருந்தால் அவள். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், புருஷன் ஆயுளுக்கு ஒரு விரதம். பெண் குழந்தைக்கு முட்டை கொடுத்தால் சீக்கிரம் பெரியவளாகி விடுவாள் என்று ஒரு கட்டுக்கதை வேறு. எலும்பு சேருகிற வயது அதுதான் என்று முன்னமே சொன்னோம். அந்த வயதில் பட்டினி போட்டுவிட்டு, அறுபதில் கூன் விழுந்ததும் விதி என்பதா? நீதிக்கட்சியார் சென்னை நகரசபையில் அதிகாரத்தில் இருந்தபோது 1920ல் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டார்கள். அன்று அந்தச் சோறு போட்டவர்கள் எலும்புக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள்.

வெயில் விஷயமும் இதில் சேர்ந்ததே. சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அது தோலில் வெயில் படுவதால் உண்டாவது. காட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு ஓரளவு கிடைக்கும். ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிற நம் வீட்டுப் பெண்கள் இருட்டில் பஸ் ஏறி இருட்டில் இறங்குகின்றார்கள். பெண் சம்பாதிப்பதை நாம் முழு மனதோடு வரவேற்கின்றோம். சொந்தக் காசு இருக்கிற பெண்தான் வைத்தியரிடம் தானாகப் போவாள். இடைவேளையில் கால் மணி நேரம் வெளியே நிற்க அவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டத்தையும் பொறுத்த ஒரு சங்கதி இருக்கின்றது. அதுதான் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடித் தண்ணீரில் பல இடங்களில் புளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது. அதற்கு மேல் வருஷக்கணக்கில் குடித்தால் பல் கறைபடும். பிறகு எலும்பு இறுகி, முதுகு விறைத்து வளைந்து போகும். இதை நம் ராஜதானியில் 1937லேயே, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில் ஷார்ட் என்பவரும் அவர் தோழர்களும் கண்டு எழுதினார்கள். அதுவரை அந்த ஊர்க்காரர்களும் சாபம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2008ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013ல் நடைமுறைக்கு வந்ததே, அது தாகத்துக்கு மட்டுமல்ல, இந்த நோயைத் தடுப்பதற்கும் போட்ட திட்டம். குழாய்த் தண்ணீர் வருகிற ஊரில், "போர் தண்ணிதான் ருசி" என்று பழைய ஆழ்துளைக் கிணற்றையே குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், புளோரைடு எலும்பைக் கெட்டியாக்குகிறதே, அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று அமெரிக்காவில் எண்ணினார்கள். எலும்புப்புரை உள்ள 202 பெண்களைக் கொண்டு நாலு வருஷம் பரீட்சை செய்து 1990ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 35 பங்கு ஏறிற்று. ஆனால் முதுகெலும்பு நொறுங்குவது குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகள் ஒடிவது அதிகமாகிவிட்டது. கனமான எலும்பு வேறு, உறுதியான எலும்பு வேறு என்று தெரிந்தது. நாம் இதைச் சொல்லுவது எதற்காக என்றால், விஞ்ஞானிகள் தாம் நினைத்தது தப்பு என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆயிரம் வருஷமாய் ஒரு கூனியையும் நிமிர்த்தாத கடவுளின் ஆட்கள் அப்படி ஒரு நாளாவது எழுதினார்களா?

கூன் எல்லாம் எலும்புப்புரையும் அல்ல, புளோரைடும் அல்ல. காசநோய் முதுகெலும்பைத் தின்னும். புற்றுநோயும் அங்கே வந்து சேரும். ஆகவே முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைவு, கால் மரத்துப்போவது, கால் வலுக்குறைவது, சிறுநீர் அடைப்பது இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மறுநாளுக்கு ஒத்திப்போட வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குனிவதைப் பற்றி. 1984ல் அமெரிக்காவில் 59 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்று, முதுகெலும்பில் புரை கண்டவர்கள். முதுகை முன்னால் வளைக்கிற தேகப்பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்குப் புதிதாக எலும்பு அமுங்கிற்று. முதுகை நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குத்தான். சின்ன ஆராய்ச்சிதான்; ஆனால் அதன் பிறகு இந்த நோய் உள்ளவர்களுக்கு முன்னால் குனிகிற பயிற்சியை வைத்தியர்கள் சொல்லுவதில்லை. மனிதன் காலில் மனிதன் விழாதே என்று நம் இயக்கம் 1925லிருந்து சொல்லிக்கொண்டு வருவது மானத்துக்காக. முதுகெலும்புக்கும் அதுவே நல்லது என்று வைத்தியர்களும் இப்போது நம் கட்சிக்கு வந்துவிட்டார்கள்! (கைதட்டல்). சிரிக்க வேண்டாம்; குட்டை விளக்குமாற்றால் வளைந்து கூட்டுகிற பாட்டிக்கு ஒரு நீளக்காம்பு விளக்குமாறு வாங்கிக் கொடுங்கள். குடத்தைத் தரையிலிருந்து தூக்க விடாதீர்கள். அதை ஒரு திண்ணை உயரத்தில் வையுங்கள். மகனும் ஒரு குடம் தூக்கினால் மீசை உதிர்ந்துவிடாது. பஸ்ஸில் முன் சீட்டைக் கொடுங்கள்.

மருந்து இருக்கிறதா என்றால், இருக்கின்றது. அலன்ட்ரோனேட் என்ற மாத்திரை, முன்னமே முதுகெலும்பு நொறுங்கின பெண்களுக்குப் புதிய நொறுங்கலைப் பாதியளவுக்குக் குறைக்கிறது என்று 1996லேயே நிரூபித்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிற மருந்தும் இருக்கின்றது. யாருக்கு எது என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். நாம் மேடை வைத்தியம் செய்ய வரவில்லை.

பேச்சு முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்து, "வெற்றிலையில் தினம் சுண்ணாம்பு போடுகிறேனே, அது போதாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொஞ்சம் சேரும் அம்மா, ஆனால் கூடப் போகிற பாக்கும் புகையிலையும் வாயில் புற்றை வைக்கும். இரண்டு களி உருண்டை அதைவிட மேல் என்றோம். இன்னொருவர், "எனக்கு நொறுங்கியிருக்கிறதா என்று படம் எடுக்காமல் எப்படித் தெரியும்?" என்றார். கலியாணப் படத்தில் பக்கத்தில் நின்ற புருஷனின் தோள் வரை இருந்தவர் இப்போது எதுவரை இருக்கிறார் என்று பாருங்கள் என்றோம். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் படம் எடுத்தே தீர வேண்டும். இனிமேல் வருஷா வருஷம் வாசற்படியில் செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்று, தலைக்கு நேராக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

அங்கேயே கூட்டம் நடந்த சுவரில் தோழர்கள் கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். பதினேழு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். பஸ்ஸில் நம்முடன் வந்த அந்தத் தோழர், ராத்திரியோடு ராத்திரியாகத் தம் தாயாரை வீட்டிலிருந்து அழைத்து வந்து பதினெட்டாவதாக நிறுத்தினார்.